சாமிக்குப் போன ஆயில் லைட்டு

அருப்புக்கோட்டையில் பதினோரு வருஷம் கார் ஓட்டினேன். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. ஆனால் ஊரில் என்னைப் பற்றி விசாரித்தால், "யாரு, கல்யாணப் பொண்ண நடுக்காட்டுல எறக்கி விட்டாரே, அந்த டிரைவரா?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பட்டத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு பல்பு. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் எம்.ரெட்டியபட்டிப் பக்கம். அப்பா பருத்திக் காட்டில் கூலிக்குப் போனவர். எங்கள் வகையறாவில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தவன் நான்தான். அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்கப் போவதில்லை. எண்பதுகளின் நடுவில், அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருந்த ஒரு முதலாளி வீட்டில் சேர்ந்தேன். அவரிடம் இருந்தது கறுப்பு அம்பாசிடர். அவருக்கு முந்தி மூன்று முதலாளிகளையும் எனக்கு முந்தி எத்தனையோ டிரைவர்களையும் பார்த்த வண்டி. கதவை அடிக்க ஒரு பக்குவம் வேண்டும், கியர் போட ஒரு பக்குவம் வேண்டும். ஆனாலும் ஓடும்.

டேஷ்போர்டின் மேலே ஒரு சின்ன சட்டத்தில் முருகன் படம். படத்துக்கு முன்னால் சிவப்பு மூடி போட்ட பல்பு ஒன்று. சாவியைத் திருப்பினால் சாமிக்கு வெளிச்சம் வரும், சாவியை எடுக்கிறவரை எரியும். தினம் காலையில் பானெட்டைத் தூக்கி ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு அளவு பார்ப்பேன். தண்ணீர் பார்ப்பேன். பிறகு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பி, அந்தச் சிவப்பு வெளிச்சத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வண்டியை எடுப்பேன். ஒரு நாள் தவறியதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்து வண்டியில் டிரைவரை எச்சரிக்க இருந்தவை இரண்டே லைட்டுதான். ஒன்று, பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று சொல்வது. இன்னொன்று ஆயில் லைட்டு. சாவியைத் திருப்பியதும் இரண்டும் எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இரண்டும் அணையும். ஓடுகிற வண்டியில் ஆயில் லைட்டு எரிந்தால் எஞ்சினுக்குள் ஆயில் ஏறவில்லை என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் நாலைந்து மைல் ஓட்டினால் எஞ்சின் வெந்து, சுற்ற முடியாமல் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் வண்டியில் சார்ஜ் லைட்டு மட்டும்தான் எரிந்தது. சேர்ந்த வாரமே கவனித்து முதலாளியிடம் சொன்னேன்.

"பல்பு போயிருக்கும். டவுனுக்குள்ள ஓடுற வண்டிதான, பாத்துக்கலாம்" என்றார்.

அடுத்த மாசம் சொன்னேன். அதற்கடுத்த மாசமும் சொன்னேன். அப்புறம் நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு. எவனும் வந்து எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். பேனலை ஒரு தடவை கழற்றிப் பார்த்திருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. எரியாத லைட்டை இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்து, அது எரியாமல் இருப்பதே நல்லது என்று கண் பழகிவிட்டது.

முதலாளிக்கு ஒரே மகள். காலேஜுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவேன். நான் பாப்பா என்பேன், அவள் அண்ணே என்பாள். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். சொல்லாமல்தான் ஓட்டினேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, வண்டியத் திருப்புங்க. ஒருநா காலேஜு போகலன்னா ஒண்ணும் ஆயிறாது" என்று ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னவள். அந்த வீட்டில் என்னை மனுசனாக மதித்தது அவள் ஒருத்திதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

அவளுக்குத் திருச்சுழியில் மாப்பிள்ளை அமைந்தது. அவர்களும் கடைக்காரக் குடும்பம். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். காலையில் நல்ல நேரம் பார்த்து அருப்புக்கோட்டையிலிருந்து பெண்ணைக் கிளப்பினோம். பின்சீட்டில் பட்டுப்புடவையும் மாலையுமாகப் பாப்பா, பக்கத்தில் அவளுடைய அம்மா, இந்தப் பக்கமும் முன்சீட்டிலும் சொந்தக்காரப் பெண்கள். முதலாளி முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டார். கிளம்புவதற்கு முன் ஆயில் குச்சியைப் பார்த்தேன். மேல் கோட்டில் இருந்தது. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வேன்.

பாதி வழியில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கருவேலங்காட்டுக்குள் இறங்கி வண்டித் தடத்தில் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. கரிசல் காய்ந்து கிடந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். பிரேக்கில் கால் வைத்தேன்.

"என்ன டிரைவரு?" என்றார் முதலாளியம்மா.

"கல்லு தட்டுன மாதிரி இருக்கும்மா. எறங்கி ஒரு பார்வ பாத்துட்டு வாரேன்."

"பொண்ணு ஏறுன வண்டி வழியில நிக்கக்கூடாது. ஓடுதுல்ல, எடு."

ஓடத்தான் செய்தது. பேனலைப் பார்த்தேன். ஆயில் லைட்டு எரியவில்லை. பரவாயில்லை, ஆயில் இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பல்பே போன லைட்டு எப்படி எரியும் என்று அந்த நிமிஷம் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. மேலே சாமி லைட்டு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்து, தைரியமாகவும் இருந்தது.

ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். ஒரு கோயிலைத் தாண்டும்போது பெண்கள் குலவை போட்டார்கள். குலவை நின்றதும் எஞ்சினுக்குள்ளிருந்து கடகடவென்று சத்தம் கேட்டது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பதற்குள் வண்டி முக்கி முனகி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தேன். வந்த வழி நெடுக ரோட்டில் கறுப்பாக ஆயில் கோடு. ஆயில் நிற்கிற அடித்தொட்டியில் கல் பட்டுக் கிழித்திருந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லை.

அந்த வழியாக வீரசோழனுக்கு மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றிப் போன லோடு வண்டி ஒன்று வந்தது. கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன். பெண்ணும் அம்மாவும் முன்னால் டிரைவர் பக்கத்தில், மற்றவர்கள் பின்னால் மூட்டை மேல். வத்தல் நெடியில் எல்லோரும் தும்மிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்களாம். முகூர்த்தம் முடியக் கால் மணி நேரம் இருந்ததாம். தாலி கட்டியாயிற்று. ஆனால் பெண்ணுக்குக் கண்ணெல்லாம் சிவந்து நீர் கொட்டியதைப் பார்த்து, மாப்பிள்ளையின் அம்மா மண்டபத்திலேயே கேட்டிருக்கிறார்: "வர்ற வழியில வண்டி செத்துப் போச்சு, பொண்ணு அழுதுக்கிட்டே வருது. என்ன கூத்து இது?"

நான் வண்டியோடு காட்டில் நின்றேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்து அருப்புக்கோட்டை ஒர்க்‌ஷாப்பில் விட்டார். மறுநாள் முதலாளி வந்தார்.

"ஆயிலு பாக்க மாட்டியா?" என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை.

"பாத்தேன் மொதலாளி. கல்லு பட்டு ஒழுகியிருக்கு. ஆயில் லைட்டு எரிஞ்சிருந்தா அங்கயே நிறுத்தியிருப்பேன். அது ஏன் எரியலன்னு ஒருநா டயம் குடுங்க, பாத்துச் சொல்றேன்."

"என்னமும் பண்ணு" என்று போய்விட்டார்.

ஒரு டிரைவருக்கு இருப்பது அவன் பேர் ஒன்றுதான். 'ஆயில் பார்க்காமல் எஞ்சினைப் பிடிக்க வைத்தவன்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அப்புறம் எந்த வீட்டிலும் சாவியைக் கையில் தர மாட்டார்கள். எனக்கு வேறு வேலையும் தெரியாது. அதனால் அன்றைக்கு அந்த லைட்டு ஏன் எரியவில்லை என்பதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று உட்கார்ந்தேன்.

ஒரு பல்பில் இரண்டு ஒயரைக் கட்டினால் அதுதான் டெஸ்ட் லாம்ப். அதை எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். முதலில் எஞ்சின் பக்கம் இருக்கிற ஆயில் சுவிட்சைப் பார்த்தேன். பிரஷர் இல்லாதபோது அது ஒயரை பாடியோடு சேர்த்து எர்த்து கொடுக்க வேண்டும், அப்போதுதான் லைட்டு எரியும். கொடுத்தது. சுவிட்சு நல்ல சுவிட்சு. அதிலிருந்து வெள்ளையில் பழுப்புக் கோடு போட்ட ஒயர் ஒன்று உள்ளே வருகிறது. அதைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். டேஷ்போர்டுக்குப் பின்னால் வந்ததும் அது முடிந்துவிட்டது. நுனியை வெட்டி, மஞ்சள் டேப் சுற்றி, மற்ற ஒயர்களுக்கு நடுவில் சொருகியிருந்தார்கள்.

பேனலைக் கழற்றினேன். ஆயில் லைட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. பல்பு போகவில்லை. பல்பே அங்கே இல்லை, அது உட்காருகிற கூடும் இல்லை. சாவியிலிருந்து அந்த இடத்துக்கு வருகிற வெள்ளை ஒயரைத் தேடினேன். அது மேலே ஏறிப் போனது. நானும் கூடவே போனேன். முருகன் படத்துக்குப் பின்னால் போய் நின்றது.

சிவப்பு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்தது ஆயில் லைட்டின் பல்பும் அதன் கூடும். அதன் இன்னொரு ஒயரைக் கீழே கொண்டுவந்து ஒரு ஸ்குரூவில் நேராக எர்த்துக்கு முறுக்கியிருந்தார்கள். அதனால்தான் சாவி போட்ட நேரமெல்லாம் சாமி எரிந்துகொண்டே இருந்தது. கல் பட்ட நேரத்திலிருந்து எஞ்சின் நிற்கிற வரைக்கும் அந்த சுவிட்சு கத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அதன் நாக்கைத்தான் அறுத்து டேப் சுற்றி வைத்திருந்தார்கள். இரண்டு வருஷமாகத் தினம் காலையில் நான் தொட்டுக் கும்பிட்டது ஆயில் லைட்டை. சிரிப்பதா, மண்டையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அடித்துக்கொண்டேன்.

மஞ்சள் டேப்பைப் பார்த்ததும் யார் வேலை என்று தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்த எலெக்ட்ரீஷியன். எனக்குக் கூட்டாளி. வெட்டிய ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் கடைக்குப் போனேன்.

"ஏலே, இது ஓங் கைதான?"

பார்த்தான். அப்புறம் சொன்னான்.

"நீ வர்றதுக்கு முந்தி செஞ்சதுடா. மொதலாளியம்மா சாமிக்கு லைட்டு போடச் சொன்னாக. கையில வேற பல்பு இல்ல, இதக் கழத்தி மேல வச்சுட்டேன். மறுநாளே வந்துட்டாக. 'வண்டியக் கெளப்புனதும் சாமி அணைஞ்சு போகுது, நல்லதுக்கில்ல, நிக்காம எரியணும்'னு. அதான் நேரா எர்த்துல குடுத்துட்டேன்."

"அது ஆயில் லைட்டுன்னு சொன்னியா?"

"சொன்னேன். 'ஆயிலத்தான் டிரைவரு குச்சி போட்டுப் பாக்குறாரே'ன்னாக."

"இத வந்து மொதலாளிட்டச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்டா. அவுக வீட்டு வேலை, கடை வேலை எல்லாம் எனக்குத்தான் வருது. என்னைய இதுல இழுக்காத."

சரி, போ என்று வந்துவிட்டேன். ஒயர் பொய் சொல்லாது என்று ஒரு நம்பிக்கை. முதலாளியையும் முதலாளியம்மாவையும் ஒர்க்‌ஷாப்புக்கு வரச் சொல்லி, ஒவ்வொன்றாகக் காட்டினேன். பேனலில் ஓட்டையைக் காட்டினேன். அறுந்த ஒயரைக் காட்டினேன். சாவியைப் போட்டு, சாமி பல்பின் எர்த்தைப் பிரித்து, அதை அந்த அறுந்த ஒயரில் தொட்டேன். எரிந்தது. "பாத்தீகளா, இப்ப இது ஆயில் இல்லன்னு சொல்லுது. அன்னைக்கும் இதத்தான் சொல்லியிருக்கும்" என்றேன்.

அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "சாமி மேலயா பழி போடுற?" என்றார்.

"சாமி மேல போடலம்மா. ஒயர் மேல போடுறேன்."

முதலாளிக்குப் புரிந்துவிட்டது. ஒரு நூல் கண்டைப் பார்த்தே எத்தனாம் நம்பர் என்று சொல்கிற மனுசனுக்கு இது புரியாதா? பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ சொல்றது வெளங்குது டிரைவரு. ஓந் தப்பு இல்ல. ஆனா இத வெளிய சொல்லிறாத. சாமிக்குப் போட்ட லைட்டாலதான் வண்டி நின்னுச்சுன்னு தெரிஞ்சா, சாமியே மறிச்சிருச்சும்பாக. அந்தப் பிள்ளை அங்க எப்பிடிப் பொழைக்கும்? டிரைவரு ஆயிலு பாக்கலன்னா, அதோட முடிஞ்சு போகும். நீயே வந்து சம்பந்தி வீட்டுல ஒரு வார்த்த சொல்லிரு."

"முடியாது மொதலாளி" என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாமலே சாதிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

மூன்றாம் நாள் மறுவீட்டுக்குப் பாப்பா வந்தாள். அடுப்படி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். முகம் வீங்கியிருந்தது. இப்போது வத்தல் நெடி இல்லை, நிஜமான அழுகை.

"எல்லாம் எனக்குத் தெரியும்ணே. அம்மா சொன்னாக. நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல" என்றாள். "ஆனா அங்க அத்தை, நான் கால் வச்ச நேரம் சரியில்லன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி பேசுறாக. சோறு போடும்போதும் அதையே சொல்றாக. எனக்காக அந்த ஒரு வார்த்தையச் சொல்லுங்கண்ணே. நீங்க செஞ்சத உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்."

அப்பன் கேட்டு மறுத்தவன், மகள் கேட்டு உருகிவிட்டேன்.

மறுநாள் திருச்சுழிக்குப் பஸ்ஸில் போனேன். சம்பந்தி வீட்டு முற்றத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். "ஆயிலு பாக்காம வண்டிய எடுத்துட்டேன். எந் தப்புதான். மன்னிச்சிருங்க" என்றேன். அவ்வளவுதான். முழுசாக ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

மாப்பிள்ளையின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டியக் கும்பிட்டா மட்டும் போதுமா? குனிஞ்சும் பாக்கணும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்துவிட்டார். சிரித்ததும் அந்த வீட்டில் ஏதோ ஒன்று தளர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மறுவீடு முடிந்து திரும்பியிருந்த பாப்பா உள்ளேயிருந்து எல்லோருக்கும் காப்பி எடுத்து வந்தாள். எனக்குத் தரவில்லை.

தப்பை ஒத்துக்கொண்ட டிரைவருக்கு அப்புறம் அந்த வீட்டில் ஏது வேலை? போவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். ஒர்க்‌ஷாப்பில் கிடந்த வண்டியில் ஏறி, ஆயில் பல்பைக் கழற்றி அதன் கூட்டோடு பேனலில் மாட்டினேன். அறுத்த ஒயரை நீட்டிச் சேர்த்தேன். சாமிக்குத் தனி பல்பு, தனி ஒயர், தனி எர்த்து. இனிமேல் இந்த வண்டியை எடுக்கிறவனாவது தப்பிக்கட்டும் என்றுதான் செய்தேன். எவனும் கேட்கவில்லை, எவனுக்கும் தெரியாது.

வீட்டில் என் பெண்சாதி, "எதுக்குப் போய்ச் சொன்னீக? அவுக நமக்கு என்ன ஒறவா?" என்று ஒரு வாரம் சோறு போடும்போதெல்லாம் கேட்டாள். கெட்ட பேர் பரவுகிற வேகம் இருக்கிறதே, அது எந்த வண்டிக்கும் வராது. வேலை கேட்ட இடத்தில் எல்லாம், "நீங்கதான அது?" என்றார்கள். ஒரு பல் டாக்டர் வீட்டில் பேச்சு முடிந்து சாவியைக் கொடுக்கிற நேரத்தில் யாரோ வந்து காதைக் கடித்தார்கள். கொடுத்த கை திரும்பிப் போயிற்று. ஒரு வருஷம் அலைந்தேன். அப்புறம் பருத்தி அரைக்கிற ஜின்னிங் மில்லில் லோடு இறக்கினேன். தொண்ணூறுகளில் முதுகு விட்டுப்போனதும், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்க உட்கார்ந்தேன்.

அங்கேதான் ஒரு நாள் அந்தக் கறுப்பு அம்பாசிடர் வந்து நின்றது. முதலாளி புது கார் வாங்கியதும் இதை மகளுக்குக் கொடுத்துவிட்டாராம். ஓட்டி வந்தவர் மாப்பிள்ளை. பக்கத்தில் பாப்பா. கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கழுத்து நிறைய நகை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டது அவர்தான்.

"அடேயப்பா, நம்ம கல்யாண டிரைவரு" என்று பாப்பாவிடம் திரும்பினார். "இவுகளாலதான நீ வத்தல் மூட்டையோட வந்து எறங்குன."

நான் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக டேஷ்போர்டைப் பார்த்தேன். பழக்கம் விடுமா? கிளம்புவதற்காக அவர் சாவியைத் திருப்பினார். சாமி எரிந்தது. கீழே சார்ஜ் லைட்டு எரிந்தது. ஆயில் லைட்டு இருட்டாக இருந்தது. நான் மாட்டிய பல்பு எப்போதோ போயிருக்கிறது, யாரும் மாற்றவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு வந்த வயிற்றெரிச்சலுக்கு அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இருக்க முடியவில்லை.

"தம்பி, ஒங்க வண்டியில ஆயில் லைட்டு எரியல. பல்பு போயிருக்கு. இன்னைக்கே மாத்திருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பாப்பாவைப் பார்த்தார். "கேட்டியா? ஆயிலப் பத்தி யாரு நமக்குச் சொல்றாகன்னு பாரு" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

நான் பாப்பாவைப் பார்த்தேன். அந்த இடத்தில் என்னைத் தவிர உண்மை தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாலும் போதும், நான் நிம்மதியாகப் போயிருப்பேன்.

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சாமி லைட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நேரமாச்சு, கெளம்புங்க" என்றாள்.

பின்னால் ஒருவர் சைக்கிளோடு டோக்கனுக்கு நின்றுகொண்டிருந்தார். கிழித்துக் கொடுத்தேன்.